இருபதாம் முறைப் பொடி

நேற்று இங்கே எனக்குக் கொடுத்த செருப்பு இரண்டும் இடது காலுக்கு உரியவை. குறையாகச் சொல்லவில்லை. ஒரே நிறம், ஒரே அளவு. அவசரத்தில் எடுத்துக் கொடுப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. போட்டுக்கொண்டு நடக்கிற காலுக்குத்தான் தெரியும். முப்பது வருஷமாக என் பிழைப்பே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று காவலுக்கு நின்றவர் கேட்டார். சொல்லியிருப்பேன், அவருக்கு அவசர வேலை இருந்தது. உங்களுக்கு நேரம் இருக்கிறது என்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கருவியையும் வைத்துவிட்டீர்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

மருந்துகளில் பல, செருப்பைப் போல ஜோடியாகப் பிறக்கின்றன. வலக்கை வடிவம் ஒன்று, இடக்கை வடிவம் ஒன்று. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். எடை ஒன்றுதான், உருகுகிற சூடும் ஒன்றுதான், சாதாரணச் சோதனை எதிலும் பிரித்துச் சொல்ல முடியாது. உடம்புக்கு மட்டும் தெரிந்துவிடும். எங்கள் தொழிற்சாலை தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை செய்கிறது. அதன் வலக்கை வடிவம் தலைசுற்றலை நிறுத்தும். இடக்கை வடிவத்தைப் பற்றிப் பழைய அறிக்கை ஒன்று இருந்தது. அதை நிறையத் தின்ற எலிகள், பின்னால் நின்று கைதட்டினால் திரும்பிப் பார்க்கவில்லையாம். எலி எலிதானே என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

வலக்கை வடிவம் மட்டும் பிறக்க வேண்டுமென்றால் அதற்கொரு வினையூக்கி வேண்டும். அரிய உலோகம் ஒன்று. அதை இறுக்கிப் பிடித்திருக்கிற வளைந்த மூலக்கூறு ஒன்று. வேலையைச் செய்வது உலோகம். எந்தப் பக்கமாகச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அந்தப் பிடி. சங்கடம் என்னவென்றால், இது திரவத்தில் கரைந்துபோகும். ஒரு முறை போட்டால் போனது போனதுதான். நான் அதைக் கட்டிப்போட்டேன். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். வெள்ளைப் பொடி ஒன்று உண்டு, உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு தேக்கரண்டிப் பொடியின் உட்சுவர்களை விரித்துப் போட்டால் ஒரு விளையாட்டு மைதானத்தை மூடிவிடலாம். அந்தச் சுவர்களில் உலோகத்தை அதன் பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். வேலை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, மறுபடியும் போடலாம்.

ஆய்வுக்கூடத்தில் அதற்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர். விலை அதிகம், காற்றுப் பட்டால் கோபம் வரும், சொன்ன வேலையைச் செய்யும், வாசற்படி மட்டும் தாண்டக் கூடாது. பெயர் வைத்தவர் சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி. அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தராசு. மயிரிழை கூடினாலும் விடமாட்டார், குறைந்தாலும் விடமாட்டார். அவரைத்தான் நீங்கள் என்னைவிட அதிகமாக நம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். சரிதான், நானும் அப்படித்தான்.

இந்தப் பொடியைப் பற்றி ஒரு பெரிய கூட்டத்தில் பேசினேன். பேச்சு முடிந்ததும், பொடியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அதுவரை நாங்கள் ஐந்து முறைதான் செய்து பார்த்திருந்தோம். இருபது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஐந்து என்பது அந்த மண்டபத்துக்குச் சின்ன எண்ணாகத் தோன்றியது. கைதட்டினார்கள். எங்கள் மேலாளர் மேடைக்கே வந்து கட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் என் அறை வாசலில் நின்று, “இருபதுன்னு சொல்லிட்டீங்க, இனிமே இருபதுதான்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஒருவர் சொன்னதை அப்படியே நம்பினார், அவ்வளவுதான்.

ஆறு முறை வரை மாப்பிள்ளை ஒழுங்காக இருந்தார். ஏழாவது முறை வடிகட்டியபோது கீழே இறங்கிய திரவம் தண்ணீர் போல இல்லை. மிக லேசாக மஞ்சள். தராசு அந்தக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

“சார், மாப்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பிட்டாரு.”

உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. பிடி இல்லாத உலோகம் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அது வேலை செய்யும்; ஆனால் வலம் இடம் பார்க்காது. எங்கள் வரம்பில் இடக்கை வடிவம் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழாவது முறையில் அது இரண்டு. பன்னிரண்டாவதில் ஐந்து. இருபதாவதில் பதினொன்று. இந்த எண்களையெல்லாம் தராசே எடுத்து, தேதி போட்டு, என் மேசையில் வைத்தார். ஆறாவது முறையோடு பொடியை மாற்ற வேண்டும் என்று கீழே அடிக்கோடிட்டிருந்தார்.

நான் ஒரு எளிய வழி சொன்னேன். வலம் இடம் பிரித்துப் பார்க்கும் சோதனையைப் பொடி புதிதாக இருக்கும்போது ஒரு முறை செய்தால் போதும், அப்புறம் சாதாரணத் தூய்மைச் சோதனை போதும் என்று ஒரு படிவம் தயாரித்தேன். சாதாரணச் சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை முன்பே சொன்னேன். அதில் சோதனைப் பிரிவின் கையெழுத்து வேண்டும். தராசு படிவத்தைப் படித்துவிட்டு, பேனாவின் மூடியைக்கூடத் திறக்காமல் என்னிடமே திருப்பித் தந்தார்.

“சார், இத உங்க வீட்டுல யாருக்காவது குடுப்பீங்களா?”

இரண்டு நாள் அதையே யோசித்தேன். நியாயமான கேள்வி. ஊரார் வீட்டுக்கு அனுப்புகிற பொருளைத் தன் வீட்டில் கொடுக்கத் தயங்குகிறவன் என்ன மனிதன்? தொழிலில் எனக்கு மேலே இருந்த பலருக்கு இந்தக் கேள்வியைச் சந்திக்கும் தைரியம் இருந்ததில்லை. என் மனைவிக்கு ஆறு மாதமாகத் தலைசுற்றல். படுக்கையிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் எங்கள் மாத்திரைதான். கடையில் வாங்க வேண்டாம், நானே கொண்டு வருகிறேன் என்றேன். பன்னிரண்டாம் முறைப் பொடியில் செய்த மருந்தை ஆய்வுக்கூடத்திலேயே மாத்திரையாக அழுத்தி, பழுப்பு நிறக் குப்பியில் போட்டுக் கொண்டுபோனேன்.

அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை. சாட்சிகள் பேசியதை ஒலிப்பதிவில் கேட்டுத் தட்டச்சு செய்வாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். விரல்கள் மட்டும் ஓடும். மூச்சு விடுவதை வைத்தே இந்த ஆள் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் பக்கத்து அறையில் நான் அலமாரியைத் திறந்தால், எந்தத் தட்டு என்று சரியாகச் சொல்வாள். இப்படிப்பட்ட காது ஒரு சோதனைக்குக் கிடைப்பது அபூர்வம். எலிகளிடம் அந்த வசதி இல்லை.

டிக் டிக் என்று ஓடுகிற பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் சமையலறையில் நிற்கும்போது பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவேன். “மறுபடியும் அந்தக் கடிகாரத்த எதுக்குங்க தூக்கிட்டு வர்றீங்க?” என்று திரும்பாமலே கேட்பாள். அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்வேன். முதல் வாரம் ஒன்பது அடி. ஆறாவது வாரம் ஏழு. எட்டாவது வாரம் ஐந்து. நீங்கள் எடுத்து வைத்திருக்கிற நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. வாரம் தவறியதே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம்கூட எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் தராசிடம் போனேன்.

“நீங்க கேட்டீங்கல்ல. எங்க வீட்டுல ரெண்டு மாசமா சாப்பிடுறா. பன்னெண்டாவது தடவை எடுத்தது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நெஜமாவா சார்? அக்காவா?”

“தலைசுத்தல் சுத்தமா நின்னுபோச்சு. நேத்து தனியா மாடிப்படி ஏறி வந்தா.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். தலைசுற்றல் நின்றது உண்மை. அவள் மாடிப்படி ஏறியது உண்மை. தராசு, “நீங்களே வீட்டுல குடுக்குறீங்கன்னா, நான் என்ன சார் சொல்ல” என்று கையெழுத்துப் போட்டார். நேர்மையானவர்களிடம் இது ஒரு பலவீனம். எதிரில் இருப்பவனும் தங்களைப் போலத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வாரத்திலிருந்து இருபது முறை என்பது தொழிற்சாலையில் வழக்கமாகிவிட்டது. எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. வெளியே போவது இருபதாம் முறை மாத்திரை என்றால் வீட்டில் பன்னிரண்டாம் முறையைக் கொடுத்துக்கொண்டிருப்பது ஏமாற்று வேலை. குப்பியை மாற்றினேன்.

அவளுக்கு முதலில் போனது குருவிச் சத்தம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. “இந்த வருஷம் குருவிங்க வரலங்க” என்றாள். நான் மரத்தைப் பார்த்தேன். கிளை நிறைய உட்கார்ந்திருந்தன. “காலம் கெட்டுப்போச்சு” என்றேன். பிறகு, நான் முணுமுணுத்துப் பேசுகிறேன் என்று குறை சொல்லத் தொடங்கினாள். “வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்? முன்னெல்லாம் நல்லாத்தானே பேசுவீங்க.” மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து கொஞ்சம் உரக்கப் பேசினேன். கணவன் என்ற முறையில் என்னால் முடிந்தது அது. அளக்கிற நாளில் மட்டும் பழைய குரலுக்கே போய்விடுவேன். இல்லாவிட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

எட்டாவது மாதம் அவள் வேலையில் ஒரு தவறு நடந்தது. அண்ணன் தம்பி தகராறில் ஒருவர் இறந்துபோன வழக்கு. தம்பியிடம், வீட்டில் பணம் இருக்கிற விஷயத்தை வெளியே சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார்கள். “நான்தான் சொன்னேன்” என்று அவன் சொல்லியிருக்கிறான். என் மனைவி “நான்தான் கொன்னேன்” என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவனுடைய வக்கீல் பதிவை மறுபடி கேட்டுக் கண்டுபிடித்தார். அதுவரை அந்தப் பையனின் அம்மா நீதிமன்ற வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அன்று மாலை அவள் தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சொன்னேனுக்கும் கொன்னேனுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சுங்க எனக்கு.”

“ஒரு எழுத்துதானே. யாருக்கும் வரக்கூடியது.”

“எனக்கு வராதுங்க. இத்தன வருஷத்துல எனக்கு வந்ததில்ல.”

கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுது முடிக்கிற வரை பக்கத்தில் இருந்தேன். முகம் கழுவ அவள் எழுந்து போனதும் நோட்டை எடுத்து, ‘ச’ போய்விட்டது, ‘க’ என்று கேட்கிறது, என்று எழுதினேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதுவரை எல்லாம் நானே அளந்த அளவு. என் கை படாமல் வெளியிலிருந்து வந்த முதல் சான்று அது.

ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்று நேற்று மேசையில் தட்டிக் கேட்டீர்கள். ஒருத்தரை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. வயதாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம், இருபது வருஷம் காதில் கருவி மாட்டியதாக இருக்கலாம். அதோடு இன்னொன்றும் உண்டு. பாதியில் நிறுத்தினால் அதுவரை அவள் பட்டதெல்லாம் வீணாகிவிடும். அவளுக்கு நான் அந்த அநியாயத்தைச் செய்யத் தயாராக இல்லை.

காது மருத்துவரிடம் போக வேண்டும் என்றாள். நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர், தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டார். கேள்வி அவள் காதில் விழவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். சத்துமாத்திரை மட்டும்தான் என்று நான் பதில் சொன்னேன். வயதுக்கு முன்பே வந்த தேய்மானம் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், “டாக்டர் என்னங்க கேட்டாரு?” என்றாள். “நல்லா தூங்குறியான்னு கேட்டாரு” என்றேன். “நல்லாத்தான் தூங்குறேன். எந்தச் சத்தமும் இல்லையே” என்று சிரித்தாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு எப்போதுமே அதிகம்.

நீதிமன்றத்தில் அவளைப் பழைய கோப்புகள் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள அவளாகவே கற்றுக்கொண்டாள். கடிகாரத்தை அவள் தோளுக்குப் பின்னால் வைத்தாலும் திரும்புவதில்லை என்று ஆனதும், அளப்பதை நிறுத்திவிட்டேன். அளக்க ஒன்றும் இல்லை.

தொழிற்சாலைக்கும் கடிதங்கள் வந்தன. மருந்தைப் பற்றிய புகார் எல்லாம் கருத்துக்காக என் மேசைக்கு வரும். நாற்பத்தொரு கடிதங்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர், பின்னால் வந்த வண்டியின் ஒலி கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு அம்மா, பிள்ளை அழுவது கேட்காமல் தூங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். நான் ஒவ்வொன்றையும் படித்து, என் மனைவியின் நோட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் மெல்லிய சத்தங்கள், அடுத்து ‘ச’, அதன் பிறகு மனிதர் குரல். வரிசை மாறவே இல்லை. எல்லோருக்கும் மரியாதையாகவே பதில் போட்டேன்: வயதின் காரணமாக இருக்கலாம், காது மருத்துவரைப் பாருங்கள். கடிதங்கள் சான்று ஆகா. எவ்வளவு சாப்பிட்டார்கள், எத்தனை நாள் என்று யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை.

இது எப்படி வெளியே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயாலேயே வரட்டும் என்கிறீர்கள். போன மாதம் தொழிற்சாலையில் குடும்பத்தினரை அழைத்து ஒரு விருந்து வைத்தார்கள். இருபது முறைப் பொடிக்காக எனக்கு ஒரு கேடயமும் உண்டு. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். வராவிட்டால் என்ன நினைப்பார்கள்? அவள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு தேநீர்க் கோப்பையோடு அவள் பின்னால் போய், “அக்கா” என்றார். பிறகும் “அக்கா” என்றார். மூன்றாவது முறை அவர் உரக்கக் கூப்பிட்டதில் மண்டபமே திரும்பியது, அவளைத் தவிர. நான் நாலடி தள்ளி, கேடயத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

தராசு முன்னால் போய் நின்றார். என் மனைவி அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

“மெதுவாப் பேசும்மா, புரிஞ்சுக்குவேன். காது போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“எப்படிக்கா?”

“வயசுதான். மொதல்ல குருவி போச்சு. அப்புறம் கோர்ட்டுல ஒரு எழுத்து போச்சு. இப்ப இவரு பேசுறது போச்சு, அது ஒண்ணும் நஷ்டமில்ல.”

தராசு சிரிக்கவில்லை. “தலைசுத்தலுக்கு மாத்திரை இன்னும் சாப்பிடுறீங்களாக்கா?”

“விடாம சாப்பிடுறேன். இவரே கொண்டாந்து தர்றாரு. ஒரு நாள் மறந்தாலும் விடமாட்டாரு.” கைப்பையைத் திறந்து பழுப்புக் குப்பியைக் காட்டினாள். “உனக்கும் சுத்துதா? மொகமெல்லாம் வெளுத்துப்போச்சே. ஒண்ணு போட்டுக்க.”

தராசு ஒரு மாத்திரையை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு என்னிடம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

“சார், அன்னிக்கி நான் கேட்டது கேள்வி இல்ல சார்.”

“கேள்வி மாதிரிதான் இருந்துச்சு” என்றேன்.

நான்கு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். அந்த ஒரு மாத்திரையில் பதினொரு சதவீதம் இடக்கை வடிவம் இருந்தது என்று தராசு அறிக்கை கொடுத்திருக்கிறார். சரியான அளவுதான், நான் அதை மறுக்கவில்லை. அவர் தம்மேல் குற்றம் சொல்லி வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அது தேவையில்லாதது. அவரைக் கையெழுத்துப் போட வைத்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே கொடுத்தேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மனைவிக்கும் தெரிந்தேதான் கொடுத்தேன், மற்றவர்களுக்கும் தெரிந்தேதான் அனுப்பினேன். எத்தனை பேர் என்பது மட்டும் தெரியாது. அனுப்புகிற பிரிவு வேறு கட்டடம்.

மனைவியிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினீர்கள் என்றும், ஒரே மூச்சில் படித்துவிட்டு மூடி வைத்தாள் என்றும் சொன்னீர்கள். படிக்கிற வேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. என்னைப் பார்க்க வரவில்லை, ஆனால் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். இதோ, படித்தேன்.

‘தினமும் நீங்களும் ஒண்ணு எடுத்து என்கூடத்தானே சாப்பிட்டீங்க, உங்க காது நல்லாருக்கா?’

உண்மைதான். தொடக்கத்தில் மாத்திரை என்றால் அவளுக்குத் தயக்கம். துணைக்கு நானும் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு மாத்திரை, ஒரே சொம்புத் தண்ணீர். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

பதில் எழுதி அனுப்பலாம் என்கிறீர்கள், மிகவும் நன்றி. நான் சொல்கிறேன், நீங்களே எழுதிவிடுங்கள். என் காது நன்றாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். என் குப்பி வேறு. அது புதுப் பொடியில், முதல் முறை எடுத்த மாத்திரை. அளக்கிறவன் காது சரியாக இருந்தால்தானே அளவு சரியாக இருக்கும்? அவள் புரிந்துகொள்வாள். இத்தனை வருஷத்தில் நான் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்டவள்.